அழைப்பு வந்தவர்கள்

முழுநிலா மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அழைப்பு ரேணுகாவுக்கு வந்துவிட்டது என்பதைத் தேன்மொழி லிஃப்டில் வைத்துத்தான் கேள்விப்பட்டாள். சொன்னவர் நான்காவது மாடி சுந்தரவல்லி. "உங்க ஓரகத்திக்கு வந்திருக்காமே, யோகம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் தன் மாடியில் இறங்கிக்கொண்டார். தேன்மொழி சிரித்தாள். ஆறாவது மாடியில் இறங்கி, வீட்டுக் கதவைத் திறக்கும்வரை அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்திருந்தாள்.

நாற்பது வருஷப் பழக்கம் அது. திருமாறனைக் கட்டிக்கொண்டு அவள் அந்தக் குடும்பத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், அவருடைய தம்பி இளமாறனைக் கட்டிக்கொண்டு ரேணுகா வந்தாள். தேன்மொழி பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, தேர்வு மேல் தேர்வு எழுதி, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள். எதுவானாலும் அவளுக்கு வரிசையில் நின்றுதான் கிடைத்தது. ரேணுகா பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. அவள் வந்தால் வரிசையே விலகி வழிவிட்டது. மாமியார் மெச்சிக்கொண்டது அவளை. ஊர்க்காரர்கள் நலம் விசாரித்தது அவளை. கொள்ளிடக் கரையோரம் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பில் குலுக்கல் போட்டபோது ரேணுகாவுக்கு ஏழாவது மாடி, தேன்மொழிக்கு அதற்கு நேர் கீழே ஆறாவது. மேலே இருந்து பார்த்தால் ஆறு முழுதாகத் தெரியும். கீழே பாதியைத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது.

இளமாறன் போய் மூன்று வருஷம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ரேணுகாவின் தைரியத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். தேன்மொழி அதற்கும் பொறாமைப்பட்டாள். தன்னை நினைத்துத் தானே கூசிப்போனாள் அன்றைக்கு. ஆனாலும் பட்டது பட்டதுதான்.

சாயங்காலம் ரேணுகாவே இறங்கி வந்தாள். அறுபத்து நாலு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இறகுப்பந்து ஆடிவிட்டு வந்த வேர்வை கழுத்தில் மின்னியது.

"அக்கா, ஒரு யோசனை கேக்கணும். இந்த முழுநிலாவுக்கு மாறலாமா, பழைய பொதுத்திட்டத்துலயே இருந்துடலாமா?"

"கேள்விப்பட்டேன்" என்றாள் தேன்மொழி. "என்னதான் தர்றாங்களாம்?"

"ஒரே ஒரு தடவை பணம் கட்டணும். ரிட்டயர்மெண்ட் பணத்துல ஒரு பங்கு. அதுக்கப்புறம் ஆயுசு பூரா அவங்க பொறுப்பு. டாக்டர் வீட்டுக்கே வருவார். வரிசை கிடையாது, அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். தனி அறை. வருஷத்துக்கு ஒரு தடவை மலைப்பக்கம் கூட்டிட்டுப் போவாங்களாம். ஆனா நாமளா கேட்டுச் சேர முடியாது. அவங்க அழைச்சாத்தான். பழசை விட்டுட்டா திரும்பி வரவும் முடியாது. பத்து நாள்ல சொல்லணும்."

தேன்மொழிக்கு முழங்கால் இரண்டும் போயிருந்தது. சர்க்கரை இருந்தது, அழுத்தம் இருந்தது. பொதுத்திட்டத்தில் முழங்கால் மாற்ற அனுமதி கேட்டுப் பதினான்கு மாதமாக வரிசையில் இருந்தாள். ரேணுகாவுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை.

"வேண்டாம் ரேணு" என்றாள். "தெரியாத கம்பெனி. பொதுத்திட்டம் மெதுவா நகர்ந்தாலும் நம்மைக் கைவிடாது. பழசையே வச்சுக்க."

சொல்லும்போதே தன் குரலில் இருந்த பதற்றம் அவள் காதுக்கே கேட்டது. ரேணுகாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் தேன்மொழியின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சரிக்கா, யோசிக்கிறேன்" என்று மேலே போனவள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறாவது மாடியில் நிம்மதி இல்லை. மேலே அழைப்புமணி அடித்தால் டாக்டர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஏற்காட்டில் எடுத்த படங்கள் குடியிருப்பின் கைபேசிக் குழுவில் வந்தன. ரேணுகா நீல நிறச் சால்வை போர்த்திக்கொண்டு பனியில் நின்றாள். தேன்மொழி படத்தைப் பெரிதாக்கி, சால்வையின் ஓரத்துத் தையல்வரை பார்த்தாள்.

"நாமளும் எழுதிக் கேட்போம்" என்றாள் கணவரிடம்.

"நமக்கு இருக்குறது போதாதா தேனு?" என்றார் திருமாறன். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "அவ ஆரோக்கியமா இருக்கா. செலவு வைக்க மாட்டான்னு கூப்பிட்டிருப்பாங்க. நம்ம உடம்பு ரெண்டும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி. யார் சேர்த்துக்குவாங்க?"

அவள் எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது: 'தங்களுக்கு இப்போது அழைப்பு இல்லை.' மறுப்பு என்ற சொல்கூட இல்லை. நாற்பது வருஷம் அரசாங்கக் கடிதம் எழுதியவளுக்கு அந்த வாக்கியத்தின் வழவழப்பு புரிந்தது.

அதோடு விட்டிருப்பாள். ஆனால் அந்த வாரமே அதே குடியிருப்பின் மூன்றாவது கோபுரத்து ரங்கராஜனுக்கு அழைப்பு வந்தது. லாரி கம்பெனி வைத்திருந்தவர். நாளைக்கு இருபது சிகரெட். படி ஏறினால் இரண்டு இடத்தில் உட்காருவார். அதே கோபுரத்தில் எண்பத்து நாலு வயதிலும் தலைகீழாக நிற்கும் யோகா டீச்சர் பத்மாசனி இருக்கிறார். அவருக்கு வரவில்லை.

"அப்போ ஆரோக்கியம் இல்ல காரணம்" என்று தேன்மொழி கொதித்தாள். "ஆள் பார்த்துக் குடுக்கிறாங்க. சிபாரிசு. நான் விடப்போறதில்ல."

காப்பீட்டு ஆணையத்துக்குப் புகார் எழுதுவது என்று முடிவு செய்தாள். மூன்று கோபுரங்களிலும் யார் யாருக்கு அழைப்பு வந்தது, எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்று விசாரித்து எழுதினாள். பெரிதாக விசாரிக்கவும் வேண்டியிருக்கவில்லை. பாதிப் பெயர்கள் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். யாருக்கு அழைப்பு வந்தாலும் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் போனதே! இரண்டு வருஷத்தில் பதினொரு பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்குமூலம் வாங்கிக்கொண்டால் புகாருக்கு வலு சேரும் என்று, முழங்கால் வலியோடு வீடு வீடாகக் கிளம்பினாள்.

முதல் வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். "அப்பா தவறிட்டாரே ஆன்ட்டி. போன ஆடியில. நடந்து போயிட்டு வந்து செருப்பைக் கழட்டினார், அவ்வளவுதான்."

இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. குளியலறையில் விழுந்த அம்மாள் என்று காவலாளி சொன்னார். மூன்றாவது வீட்டுக்காரர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே. நான்காவது வீட்டு அம்மாள் தூக்கத்தில். எல்லாமே எப்போதோ அவள் காதில் விழுந்த சாவுகள்தான். அழைப்புகளை எண்ணியவள், போனது எந்த வீட்டில், யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வயதானவர்கள் குடியிருப்பில் சாவு நடப்பது யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் பெயர்களை ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை. பதினொரு பேரில் ஏழு பேர். யாருமே ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. யாருமே சேர்ந்து ஒன்றரை வருஷத்தைத் தாண்டவில்லை.

கடைசியாக ரங்கராஜன் வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். தேன்மொழி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

எட்டு.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தில்லைநகரில் இருந்த அரணகம் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தாள். முழுநிலாத் திட்டம் அவர்களுடையது. கிளை அதிகாரி பரணிதரனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தாளை வாங்கிப் பார்த்தவன், எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"இதை யார்கிட்டயும் காட்டினீங்களா அம்மா?"

"இன்னும் இல்ல. நீங்க எனக்குப் புரிய வைங்க."

"சட்டப்படி நான் எதுவும் சொல்லக் கூடாது."

"சட்டம் நானும் படிச்சவதான். பொதுவா இந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க. யாரைப் பத்தியும் சொல்ல வேண்டாம்."

அவன் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "அறுபது வயசு தாண்டின எல்லாரும் கையில பட்டை கட்டியிருக்கீங்க. அது அனுப்புறதை வச்சு உங்க உடம்புக்கு ஒரு நிழல் செய்யறோம். கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற இன்னொரு நீங்கன்னு வச்சுக்கங்க. அதை வேகமா ஓட விட்டா அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு தெரியும். நோயாளிகிட்ட கூடுதலா வாங்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. நிழல்ல பார்த்ததை வெளியில சொல்லக் கூடாது, வயசானவங்க பயந்துடுவாங்கன்னு இன்னொரு சட்டம். ரெண்டுமே நல்ல எண்ணத்துல போட்டதுதான். ஆனா யாரை அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல."

"ஒரு தடவை பணம் வாங்கிட்டு ஆயுசு பூரா பாத்துக்கிறது" என்றாள் தேன்மொழி மெதுவாக. "ஆயுசு எவ்வளவுன்னு தெரிஞ்சவங்களுக்கு அது நல்ல வியாபாரம்."

அவன் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"எத்தனை நாள்னு மட்டும் இல்ல, எப்படின்னும் பார்ப்பீங்க. இழுத்துக்கிட்டுக் கிடக்காம, ஒரே நொடியில போறவங்களா."

"எங்க அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு" என்றான் பரணிதரன். "மாசம் ஒரு தடவை அழைப்புப் பட்டியல் வரும். முதல்ல அம்மா பேர் இருக்கான்னு தேடுவேன். இல்லன்னா அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் காபி வாங்கித் தருவேன். ஏன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

தேன்மொழி மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்தாள்.

"தடுக்கக்கூடிய சாவா இருந்தா?"

"நிழலுக்குத் தெரியும். வீட்டுக்கு வர்ற டாக்டருக்குத் தெரியாது. அவருக்கு நாங்க காட்டுறதில்ல."

தேன்மொழி எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பினாள். "எனக்கு அழைப்பு இல்லன்னு கடிதம் வந்துச்சே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"நீண்ட ஆயுசுன்னாலும் அழைப்பு வராது. நீண்ட வியாதின்னாலும் வராது." அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டும் சேர்ந்திருந்தாலும் வராது. மன்னிச்சுக்கங்க அம்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைகள் கூடவே வந்தன. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. நேராக ஏழாவது மாடிக்குப் போனாள். ரேணுகா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பின்னால் ஆறு தகதகவென்று தெரிந்தது.

தேன்மொழி எல்லாவற்றையும் சொன்னாள். தாளைக் காட்டினாள். எட்டுப் பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். ரேணுகா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு அழைப்பு வந்தது உங்களால தாங்க முடியல, இல்லக்கா?"

"ரேணு, இது அது இல்ல."

"அன்னைக்கும் வேண்டாம்னுதானே சொன்னீங்க? அன்னைக்கு இந்தத் தாள் இருந்துச்சா உங்ககிட்ட?"

தேன்மொழி தாளைக் கீழே இறக்கினாள்.

"என் சீமந்தத்தன்னைக்குத் தலைவலின்னு ரூமுக்குள்ள போய்ப் படுத்தீங்க. என் பொண்ணுக்கு வெளிநாட்டுல சீட்டு கிடைச்சப்போ, அந்த ஊர்ல குளிர் ஆளைக் கொல்லும்னு சொன்னீங்க. அவர் போனப்போகூட..." ரேணுகா கையிலிருந்த ஈரத்துணியை முறுக்கினாள். "அவர் போனப்போகூட என்னைப் பார்த்து என்னமோ நினைச்சீங்க. எனக்குத் தெரியும். நாப்பது வருஷமாத் தெரியும். சரி, போகட்டும்னு இருந்தேன். இப்போ நான் சாகப்போறேன்னு சொல்லியாவது இதைப் பிடுங்கணுமா?"

அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட மறுக்க முடியாது. வாழ்நாளில் முதல்முறையாக அவள் ரேணுகாவுக்கு ஒரு நல்லது சொல்ல வந்திருந்தாள். அதை நம்ப வைப்பதற்கு அவள் கையில் ஒரு நல்ல நாள்கூடச் சேமிப்பில் இல்லை.

படியிறங்கும்போது உள்ளே எங்கோ ஒரு குரல் கேட்டது: சொல்லியாயிற்று, அவள் கேட்கவில்லை, இனி உன் பொறுப்பு இல்லை. அந்தக் குரல் இதமாக இருந்தது. வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது. தேன்மொழி படிக்கட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டுச் சாவுகளைப் பார்த்து வராத பயம் அந்த இதத்தைப் பார்த்து வந்தது.

திருமாறனிடம் சொல்லி அழுதாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுன்னு சொன்னா அவ நம்ப மாட்டா" என்றார். "உனக்குக் கிடைச்சிருக்குன்னு சொல்லு. ஓடி வருவா."

"அவளா? என்கிட்ட இருக்குறதைப் பார்த்து அவ ஆசைப்பட என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியாதா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நீ கெம்புத் தோடு வாங்கின மூணாம் மாசம் அதே தோட்டைத் தேடித் தஞ்சாவூர் வரைக்கும் போனா. நீ சார்பதிவாளர் ஆனப்போ ஒரு வாரம் இளமாறன்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பாவம், என்கிட்ட வந்து புலம்பினான். நீ மேலேயே பார்த்துக்கிட்டு இருந்தே. அவ கீழே குனிஞ்சு பார்த்ததைக் கவனிக்கல."

ஒரே நொடியில் போவதென்றால் இருதயமோ ரத்தக்குழாயோதான் என்று கணக்குப் போட்டு, அன்று மதியமே தேன்மொழி விசாரித்து ஒரு ஸ்கேனுக்குப் பணம் கட்டினாள். உடனே குடியிருப்புக் குழுவில் எழுதினாள். சென்னையிலிருந்து ஒரு பெரிய இருதய நிபுணர் வாரத்தில் ஒருநாள் திருச்சி வருவதாகவும், இரண்டே இரண்டு பேருக்குத் தலை முதல் கால் வரை ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்துத் தானே உட்கார்ந்து பார்ப்பதாகவும், எத்தனையோ பேர் காத்திருக்கத் தனக்கு இடம் கிடைத்துவிட்டதாகவும் எழுதினாள். காத்திருக்கும் கூட்டம் மட்டும் கொஞ்சம் மிகை. வேண்டுமென்றே ஒரு வரி சேர்த்தாள்: 'எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல்.'

ஐந்து நாள் ஆனது. ஒரு பதிலும் இல்லை. ஒவ்வொரு காலையும் மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள். கேட்டதும் காபி போடப் போவாள்.

ஆறாம் நாள், ஸ்கேன் நிலையத்தின் கூடத்தில் அவள் நுழைந்தபோது ரேணுகா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கெம்புத் தோடு போட்டிருந்தாள்.

"எனக்கும் கிடைச்சுதுக்கா" என்றாள் தலையை நிமிர்த்தி. "உங்களுக்கு முன்னாடி டோக்கன்."

தேன்மொழி அதற்குத் தகுந்தபடி முகத்தைச் சுளித்துக் காட்டினாள். பிறகு அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ரேணுகாவின் வயிற்றுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு வீக்கம் இருந்தது. பலூன்போல ஊதி, சுவர் காகிதமாக மெலிந்திருந்தது. வலி இல்லை, அறிகுறி இல்லை. இன்னும் நான்கு ஆட்டம் ஆடியிருந்தால் போதும் என்றார் நிபுணர். மறுநாள் காலையே அறுவை செய்தார்கள். செலவு முழுதும் முழுநிலாத் திட்டத்தின் தலையில்தான் விழுந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

தேன்மொழி பட்டியலை ஆணையத்துக்கு அனுப்பினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பிரதியைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். அழைப்பு வந்திருந்த மற்ற இருவரில் ஒருவர் ஸ்கேனுக்கு ஓடினார். இன்னொருவர், எதுவும் தெரிய வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார். சிலர் அழைப்பு வராததற்குச் சத்தமில்லாமல் பாயசம் வைத்தார்கள். பத்மாசனி மட்டும் தேன்மொழியைத் தனியே பிடித்து, "எனக்கு ஒரு அழைப்பு வாங்கித் தர முடியுமா? எண்பத்து நாலு ஆச்சு, பொட்டுனு போனா நல்லதுதானே" என்று கேட்டார்.

அறுவை முடிந்த எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனி அறை. ஜன்னல் முழுக்க மலைக்கோட்டை தெரிந்தது. ரேணுகா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்தாள்.

"நீங்க சொன்னது நெஜம்" என்றாள் ரேணுகா கூரையைப் பார்த்தபடி. "ஆனா பொறாமையில சொல்லலன்னு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்க வேண்டாம். பொறாமையிலதான் கண்டுபிடிச்சேன். பிரியமா இருந்திருந்தா எண்ணியிருக்க மாட்டேன்."

ரேணுகா சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "உங்க ஸ்கேன்ல என்னக்கா வந்துச்சு?"

"ஒன்னுமில்ல. குழாயெல்லாம் சின்னப் பொண்ணு மாதிரி சுத்தமா இருக்காம்."

ரேணுகா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு கழுத்தை, பிறகு சாத்துக்குடி உரிக்கும் கையை. அந்தப் பார்வையைத் தேன்மொழி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நீலச் சால்வையின் ஓரத்துத் தையலை அவள் இப்படித்தான் பார்த்தாள்.

"நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்றாள் ரேணுகா. அது வாழ்த்து இல்லை.

இல்லாத அழைப்புக்கு என்னென்ன அர்த்தம் உண்டென்று தேன்மொழிக்குத் தெரியும். நீண்ட ஆயுள், நீண்ட வியாதி, அல்லது இரண்டும். எந்த அறையில், எத்தனை வருஷம், யார் கையால் கஞ்சி குடித்துக்கொண்டு என்பதெல்லாம் எங்கோ ஒரு நிழலுக்குத் தெரிந்திருக்கிறது. அதை ரேணுகாவிடம் சொல்லலாம். சொன்னால் அந்தப் பார்வை போய்விடும்.

"இருப்பேன் போலத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சுளையின் கொட்டையை நீக்கி அவள் வாயருகே நீட்டினாள்.